சுரக்குறிப்பிலிருந்து குரலுக்கு: இந்தியச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இசையை ஏட்டிலேயே தேடியது. அச்சிலோ எழுத்திலோ குறிப்பிலோ வடிக்கப்பட்ட மெட்டுதான் அதற்கு ‘இசைப் படைப்பு’. பாட்டை இசைத்தட்டில் பதிந்த நிறுவனத்துக்கும் உரிமை உண்டு, பாடியவருக்கு இல்லை. கர்நாடக இசைக்கு இந்த அளவுகோல் சற்றும் பொருந்தாது. தியாகராஜர் கீர்த்தனைகள் எல்லோருக்கும் பொது. ஒரு கச்சேரியில் வித்வான் அன்றைக்கென்று தருவது ஆலாபனை, நிரவல், கற்பனாசுரம். மிருதங்கக்காரர் தருவது தனி ஆவர்த்தனம். எதுவும் எழுதி வைத்து வாசிப்பதல்ல. கச்சேரியின் உயிரான பகுதி சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

இந்தக் குறையை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். திரைப்படப் பாடல்களின் உரிமை யாருக்கு என்பது குறித்த 1977ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற வழக்கில், தீர்ப்போடு சேர்த்து ஒரு தனிக்குறிப்பு எழுதினார். நம் நாட்டில் ரசிகரை ஈர்ப்பது இசையமைத்தவரைவிடப் பாடுபவரே. அவருக்கு உரிமை மறுப்பது நம் மரபுக்கே அந்நியமானது என்பது அதன் சாரம். சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்றும் சுட்டினார். நாடாளுமன்றம் அசையவில்லை. மறு ஆண்டே தேவ் ஆனந்த் வழக்கில், நடிகரின் நடிப்பு சட்டம் சொல்லும் ‘படைப்பு’ எதிலும் அடங்காது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. நிகழ்த்துநரைக் காக்கும் 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டிருந்தது; ஏற்புறுதி மட்டும் செய்யவில்லை.

1994இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. உலக வர்த்தக ஒப்பந்தம் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. கலைஞர்களின் குறையைவிட அந்த நெருக்கடியே சட்டத்தை அசைத்தது என்பது என் கணிப்பு. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடற்கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை எல்லோரும் நிகழ்த்துநர் ஆனார்கள். அரங்கக் கலையோடு தெருவோரக் கலையையும் ஒரே வரியில் வைத்த அந்த வரையறை பாராட்டுக்குரியது. உரிமைக் காலம் 25 ஆண்டுகள்; 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 50 ஆக்கியது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. திரைப்படத்தில் தன் நிகழ்த்துதலைச் சேர்க்க ஒருமுறை இசைந்துவிட்டால், அந்தப் படத்தைப் பொறுத்தவரை உரிமை அத்தோடு முடிந்தது. பின்னணிப் பாடலே பெரும் வணிகமாக உள்ள நாட்டில், பாடகருக்கு இதனால் மிஞ்சியது சொற்பமே. ‘நேரடி’ நிகழ்த்துதல் என்ற சொல்லும் இடறியது. ஸ்டூடியோவில் பாடுவதும் முதலில் நேரடியாகப் பாடுவதுதான் என்று 2006இல் நேகா பாசின் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமையை மாற்றியது. எழுத்து மூலம் இசைவு தந்தபின் படத்தின் பயன்பாட்டைத் தடுக்க முடியாது; ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி கேட்கலாம். மறு ஆண்டு பாடகர்கள் உரிமைச் சங்கம் அமைத்தனர்.

ரசிகரையும் மாணவரையும் இந்தச் சட்டம் எதிரியாகக் கருதவில்லை. சொந்தப் பயனுக்காகவோ உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்காகவோ பதிவு செய்வதை 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விமர்சனத்துக்கும் செய்திக்கும் நியாயமான அளவில் ஒரு பகுதியை எடுத்தாளலாம். குருவின் ஆலாபனையைப் பதிந்து, வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகும் சீடர் குற்றவாளி அல்லர். அதே பதிவை இணையத்தில் ஏற்றி ஊரறியப் பரப்பினால் அது சொந்தப் பயன் என்ற வரம்பைத் தாண்டிவிடும்.

தீராத சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்கு இரண்டு தார்மிக உரிமைகளைத் தந்தது: தன் பெயர் குறிக்கப்பட வேண்டும், தன் மதிப்பைக் கெடுக்கும் வகையில் நிகழ்த்துதல் சிதைக்கப்படக் கூடாது. கூடவே ஒரு விலக்கையும் வைத்தது. திரைப்படத்தில் தற்செயலாகவோ இடைச்செருகலாகவோ பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலிலும் இடம்பெறாதவர் நிகழ்த்துநரே அல்லர். சிதைவைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. பெயர் விடுபட்டவர் பெயர் கேட்கும் உரிமையையும் சேர்த்தே இழக்கிறார். பாடல் பதிவில் வாசித்த வயலின்காரரின் பங்கை ‘இடைச்செருகல்’ என்று ஒரு தயாரிப்பாளர் வாதிட்டால், அவர் பெயரைப் போடாமல் விட்டதே அந்த வாதத்துக்குத் துணையாகிவிடும். அடுத்த திருத்தத்தில் முதலில் நீக்க வேண்டியது பெயர்ப் பட்டியலைப் பற்றிய அந்த நிபந்தனையைத்தான்.