புகைக்கொடியும் பாரதியும்

வால்மீனைப் ‘புகைக்கொடி’ என்று சிலப்பதிகாரம் தீக்குறிகளுள் வைத்தது. அவ்வச்சம் நெடுங்காலம் நீடித்தது. 1910 மே மாதம் ஹாலி வால்மீனின் வால் பூமியைத் தொடும் என்றபோது, அதிலுள்ள நச்சுவாயு உயிர்களை அழிக்கும் என உலகெங்கும் பலர் அஞ்சினர். அக்காலத்தில் புதுவையில் வாழ்ந்த பாரதியார் ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்னும் கவிதையில், அவ்வால் மென்மையான வாயுவால் ஆனது, தீங்கின்றிக் கடந்துபோகும் என்னும் அறிஞர் கூற்றைப் பதிவு செய்தார்.

வாயுவோடு தூசும் உண்டு. கதிரவனை நெருங்குகையில் வால்மீனின் பனி ஆவியாகித் தூசைச் சுமந்து வெளியேறுகிறது. கதிரொளியின் அழுத்தம் அத்தூசைத் தள்ளி வளைந்த வாலாக விரிக்கிறது. அது கதிரொளியைச் சிதறச் செய்தே கண்ணுக்குப் புலனாகிறது. 1986 மார்ச்சில் ஹாலியை அணுகிய ஜியோட்டோ விண்கலம் அத்தூசால் தாக்குண்டது.

ஹாலி மீண்டும் வருவது 2061இல். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வானில் அன்றும் விளக்கொளியே நிறைந்திருக்குமாயின், அம்மெல்லிய வாலைக் காண நம் கவிஞர்கள் இருளைத் தேடிச் செல்ல நேரும்.