பச்சைப் பொத்தானும் பீஸ் கட்டையும்: மோட்டார் கொட்டாயிலிருந்து ஒரு தானியங்கி வரலாறு

நம்மிடம் மின்சாரத்தின் வரலாறு அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பைக்காரா 1932, மேட்டூர் அணை 1934, மேட்டூர் மின்நிலையம் 1937, மின்வாரியம் 1957 என்று கல்வெட்டுத் தேதிகளாக அது நகர்கிறது. கம்பியின் அந்த முனையில் கவர்னர்களும் முதலமைச்சர்களும் பொறியாளர்களும் நிற்கிறார்கள். இந்த முனையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். அதற்கு வரலாறு உண்டென்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. சுவிட்ச் என்பது நம் அறிவுலகத்தில் ஒரு பண்டம், அவ்வளவுதான். கடையில் வாங்கலாம், கெட்டால் மாற்றலாம்.

மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் இரவு தங்கியவர்களுக்கு இந்தப் பெட்டியின் குரல் தெரியும். ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்காலின் தொடர்ச்சியாக வரும் மோகனூர் வாய்க்கால் ஒருபுறம். அதன் பாய்ச்சல் எட்டாத மேட்டில் கிணறும் போருமாக நிற்கும் கரும்பும் வாழையும் இன்னொருபுறம். நடுராத்திரியில் மூணு பேஸ் கரண்டு வந்ததும் காட்டுக்குள் வரிசையாக 'டக், டக், டக்' என்று விழும். ஆள் அரவமே இருக்காது. இருபது முப்பது மோட்டார்கள் தாமாகவே உறுமத் தொடங்கும். வீட்டில் படுத்திருப்பவர் புரண்டு படுத்துக்கொண்டே, "ஆட்டோ எடுத்துருச்சாட்ட இருக்குது" என்பார். ஆட்டோ என்றால் இங்கே மூன்று சக்கர வண்டி அல்ல. ஸ்டார்ட்டரின் பக்கத்தில் மாட்டியிருக்கும், கரண்டு வந்ததை மோப்பம் பிடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தும் சின்னப் பெட்டி. 'வீட்டுத் தானியங்கி' என்று நகரத்தில் இன்று விற்கப்படுகிற சுவிட்சு, உணரி, கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வடிவம் நம் காடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டது. அதற்குப் பெயர் சூட்டு விழா நடக்கவில்லை, அவ்வளவே.

இந்தப் பெட்டியை முன்வைத்து 'நம்பகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம். விற்பவரின் மொழியில் நம்பகம் என்பது கருவியின் குணம். இத்தனை ஆண்டு உத்தரவாதம், இத்தனை தடவை அழுத்தலாம் என்ற கணக்கு. கருவி தவறும்போது அந்தத் தவறை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி அந்த மொழியில் இல்லை. நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

முதலில் ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பச்சையை அழுத்தினால் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி இணைப்பை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கரண்டு போனால் காந்தம் சாகிறது, பிடி விடுகிறது. கரண்டு மீண்டும் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. யாராவது வந்து மறுபடி அழுத்த வேண்டும். இது குறை அல்ல, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. கரண்டு இல்லாத நேரத்தில் கிணற்றுக்குள் ஒருவர் இறங்கியிருக்கலாம், ஒயரை ஒருவர் பிடித்திருக்கலாம். மனிதக் கை இடையில் வந்தே தீர வேண்டும் என்று அந்த வடிவமைப்பு சொல்கிறது.

அந்தக் கை யாருடையது? இங்கேதான் கொங்குப் பகுதியின் வரலாறு உள்ளே வருகிறது. மோட்டாருக்கு முன்பு கவலை. இரண்டு எருதுகள், ஒரு வடம், தோல் பறி. பறியைத் தைப்பதும் கிழிந்தால் செப்பனிடுவதும் அருந்ததியரின் வேலை. தோல் நைந்துபோனால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வராது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் கைத்திறனில்தான் பண்ணையத்தின் நம்பகமே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கான கூலி தானியமாகவும் அவமதிப்பாகவும் கிடைத்தது என்பது வேறு விஷயம். கோவை மாவட்டத்தை ஆராய்ந்த கன்னல் செடர்லோஃப், 'பாண்ட்ஸ் லாஸ்ட்' (1997) என்ற நூலில் கவுண்டர்களுக்கும் மாதாரிகளுக்கும் இடையிலான இந்தப் பிணைப்பு இருபதாம் நூற்றாண்டில் எப்படி அவிழ்ந்தது என்று எழுதியிருக்கிறார். பம்புசெட் வந்ததும் தோல் தேவையில்லாமல் போனது. பிணைப்பு அறுந்தது, அதோடு பிடிமானமும் அறுந்தது. விடுதலை என்றும் இதைச் சொல்லலாம், கைவிடல் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

தோல் தைத்த கைக்கு மோட்டார் காலத்தில் கிடைத்த புதிய வேலை காவல். கொட்டாயில் படுத்துக்கொண்டு, கரண்டு வந்ததும் எழுந்து பொத்தானை அழுத்த வேண்டும். முறை வைத்து மின்சாரம் தரத் தொடங்கிய பிறகு இந்தக் காவல் கடுமையாயிற்று. 2008க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் நாளுக்கு 9 மணி நேரம்: பகலில் 6, இரவில் 3. இரவின் அந்த மூன்று மணி நேரத்துக்காக ஒருவர் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். ஆலைச் சங்கு தொழிலாளியின் உடலுக்குள் கடிகாரத்தைப் புகுத்தியதை ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் காட்டினார். நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது துணைமின் நிலையத்தின் நேரப்பட்டியல். ஒரு வேறுபாடு உண்டு. ஆலைச் சங்கு நேரத்துக்கு ஊதியது.

வீட்டுத் தானியங்கியின் பிறப்பும் இதைப் போன்றதுதான். 1883இல் வாரன் ஜான்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் அறை வெப்பத்தை உணரும் மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். விஸ்கான்சினில் அவர் வேலை பார்த்த கல்லூரியில் வேலையாள் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் வந்து குளிரா வெப்பமா என்று பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய் அடுப்பைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஜான்சனின் கருவி என்ன செய்தது? கீழே ஒரு மணியை அடித்தது. அவ்வளவுதான். முதல் உணரி வேலையாளை நீக்கவில்லை, கூப்பிட்டது. பிறகுதான் மணியின் இடத்தில் தானாகத் திறக்கும் கதவு வந்தது. 1970களின் நடுவில் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்-10, வீட்டின் மின்கம்பி வழியாகவே விளக்குகளுக்கு ஆணை அனுப்பியது. கம்பியில் வேறு இரைச்சல் புகுந்தால் ஆணை தொலைந்துபோகும் என்பது அதைப் பற்றிய நீங்காத புகார். ஆனால் அந்த மரபு முழுவதற்கும் ஒரு முன்முடிவு உண்டு: கரண்டு எப்போதும் இருக்கும். அங்கே உணரி வெப்பத்தை உணர்கிறது, ஆள் நடமாட்டத்தை உணர்கிறது. நம் ஆட்டோ உணர்வது கரண்டு இருக்கிறதா என்பதையே. அங்கே முன்முடிவாக இருப்பது இங்கே கேள்வியாக இருக்கிறது.

(தமிழில் 'பொறி' என்ற சொல் எந்திரத்தைக் குறிக்கும், கண்ணி வைத்துப் பிடிப்பதைக் குறிக்கும், கண், காது முதலான ஐம்பொறிகளைக் குறிக்கும், தீப்பொறியையும் குறிக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நான்கும் ஒன்றாக நினைவுக்கு வருகின்றன. தமிழ் எம்.ஏ. படித்ததன் பக்கவிளைவு.)

ஆட்டோ எங்கே தவறுகிறது? மூன்று பேஸும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது அழுத்த வேண்டும். ஒரு பேஸ் இல்லாமல் அழுத்தினால் மோட்டார் சுழலாமல் முனகும். சில நிமிடத்தில் சுருள் கருகிவிடும். இதைத் தடுக்கத்தான் பிரிவென்டர். ஆனால் மூணு பேஸ் இல்லாத நேரத்திலும் பயிர் காய்கிறதே! கண்டென்சர் வைத்து ரெண்டு பேஸில் மோட்டாரை ஓட்டும் வித்தையை விவசாயிகள் கற்றார்கள். அதற்குப் பிரிவென்டர் இடைஞ்சல், ஒயரைப் போட்டு அதைத் தாண்டினார்கள். ஆக, பாதுகாப்புக்கு வைத்த கருவியை மின்சாரத்தின் பற்றாக்குறையே செயலிழக்கச் செய்தது. நாமக்கல்லில் மோட்டார் கட்டும் கடையில் ஒருவர் எங்கள் வீட்டு மோட்டாரைப் பிரித்துப்போட்டுவிட்டுச் சொன்னார்: "ஆட்டோவுல போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்கன்னு வித்துப்போட்டுப் போயர்றாங்க. தூங்கி எந்திரிச்சு வந்தா காயில் கரிக்கட்டையாக் கெடக்குதுங்க." கட்டுக்கூலியில் வாரியமும் பங்கு தருவதில்லை, ஆட்டோ செய்தவரும் தருவதில்லை.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் ஏழரை ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு, 45 ஆம்பியர் வரை. 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் தாங்குவது ஏறத்தாழ 135 ஆம்பியர். 16 மோட்டார்கள் ஓடினால் 120, தாங்கும். ஆட்டோ இல்லாத காலத்தில் ஒருவர் செருப்பைத் தேடி, இன்னொருவர் டார்ச்சைத் தேடி, ஆளுக்கொரு நேரத்தில் வந்து பொத்தானை அழுத்தினார்கள். சுமை படிப்படியாக ஏறியது. எல்லோரும் ஆட்டோ வைத்த பிறகு 16 மோட்டார்களும் ஒரே கணத்தில் 720 ஆம்பியர் கேட்கின்றன. வோல்டேஜ் படுத்துவிடுகிறது, ஒன்றும் சரியாகக் கிளம்புவதில்லை, டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போகிறது. தனித்தனியாக ஒவ்வொரு பெட்டியும் தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. சேர்ந்து செய்ததால் கெட்டது. மனிதனின் சோம்பலும் தூக்கக் கலக்கமும்தான் அதுவரை அந்தக் கம்பியைக் காப்பாற்றி வந்திருக்கின்றன!

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பெட்டிக்குள்ளேயே தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு உண்டு. ஒருவர் பத்து நொடி, அடுத்தவர் ஒரு நிமிடம், அதற்கடுத்தவர் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனால் முதலில் கிளம்பும் மோட்டாருக்கே முழு வோல்டேஜ் கிடைக்கும் என்பதால் எல்லோரும் திருகைக் கடைசிவரை குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓடும் வாய்க்காலில் முறை உண்டு. யாருக்கு எப்போது மடை திறக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. அந்த முறையிலும் சாதியும் செல்வாக்கும் புகுந்து கடைமடைக்காரரை ஏய்த்தன, அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் சண்டை போடுவதற்காவது அங்கே ஒரு முறை இருந்தது. கம்பிக்கு அப்படி ஒன்றை யாரும் உருவாக்கவில்லை.

ஏன் உருவாகவில்லை என்பதற்கு விவசாயிகள் இயக்கத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். யூனிட்டுக்குச் சில பைசா உயர்த்தியதை எதிர்த்து 1970இல் கோவைப் பகுதியில் எழுந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று பேர் பலியானார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை அடைத்து நின்றன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 2003இல் ஜெயலலிதா அரசு கட்டணம் விதித்து, 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தப் போராட்டங்களின் தியாகத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் அவை விலையைப் பேசின. தரத்தைப் பேசியது குறைவு. விலை இல்லாத மின்சாரத்துக்கு நேரமும் இல்லை, வோல்டேஜும் இல்லை என்ற எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று அரசுக்கும் நிலமுடையவருக்கும் இடையே உருவானது. இலவசமாக வந்ததைப் பற்றி வாரியத்திடம் என்ன கேட்பது என்ற கூச்சம் ஒரு பக்கம், இலவசமாகக் கொடுப்பதற்கு இது போதும் என்ற மெத்தனம் இன்னொரு பக்கம். ஆட்டோ இந்த ஒப்பந்தத்தின் கருவி. அரசின் நிச்சயமின்மையைத் தனித்தனி விவசாயி தன் செலவில் சமாளித்துக்கொள்ள அது வழி செய்தது. நிலமே இல்லாதவருக்கு இந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லை. அவர் கொட்டாயில் படுத்திருந்த ஆள்.

மோகனூர்க் கோயிலில் இறைவனின் பெயர் அசலதீபேஸ்வரர், அசையாத தீபத்தின் ஈசன். அந்த விளக்குக்கு எண்ணெய் விடவும் திரி தூண்டவும் ஓர் ஆள் இருந்திருப்பார். பெயர் அதைச் சொல்வதில்லை.

2021 ஏப்ரல் முதல் விவசாயத்துக்கு 24 மணி நேரமும் மும்முனை மின்சாரம் என்று அறிவிக்கப்பட்டது. இனி ஆட்டோவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆட்டோ போகவில்லை, வளர்ந்துவிட்டது. இப்போது அதற்குள் ஒரு சிம் இருக்கிறது. பூனாவைச் சேர்ந்த சந்தோஷ் ஒஸ்த்வால் உருவாக்கிய நானோ கணேஷ் இந்த வகையில் முன்னோடி. தமிழக அரசும் கைபேசியில் இயங்கும் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மானியம் தருகிறது. ராத்திரியில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டியதில்லை என்பது சிறிய லாபம் அல்ல. அந்த நடையில் கடிபட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் தவறு இடம் மாறியிருக்கிறதே தவிரத் தீரவில்லை. ரீசார்ஜ் முடிந்தால் பெட்டிக்குக் காது கேட்காது. 'மோட்டார் ஓடுகிறது' என்று செய்தி வரும், தண்ணீர் வருகிறதா என்று தெரியாது. கிணறு வற்றியதை அது தண்ணீரைப் பார்த்து அறிவதில்லை. மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறைவதைப் பார்த்து ஊகிக்கிறது. தேய்ந்த பம்பில் அந்த ஊகம் பிசகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போட்ட ஆழத்தில் கிடக்கும் சப்மெர்சிபிள் கருகினால் மேலே தூக்கவே தனிச் செலவு.

எல்லாவற்றையும்விட, அந்தப் பெட்டி பதிவு செய்த எண்ணுக்குத்தான் கட்டுப்படும். பதிவான எண் பெரும்பாலும் நிலத்துக்காரருடையது. அவர் நாமக்கல்லில் இருக்கலாம், மகன் சென்னையிலிருந்து அழுத்தலாம். காட்டில் நிற்பவர் வேறொருவர். கிணற்றுக்குள் வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்க இறங்குபவர், ஒயர் கடிபட்டிருப்பதைத் துணி சுற்றிக் கட்டுபவர் அவர்தான். மனிதக் கை இடையில் வந்தே தீர வேண்டும் என்று பழைய காயில் காப்பாற்றி வைத்திருந்தது யாரையோ அவரையே. பெட்டியில் 'ஆட்டோ'விலிருந்து 'கை'க்கு மாற்றும் சுவிட்சு உண்டு, இங்கிலீஷில் எழுதியிருக்கும். அதை மாற்றிவிட்டு இறங்கலாம்.

எங்கள் காட்டில் வேலை செய்கிறவர் அதை மாற்றுவதில்லை. பெட்டிக்கு மேலே இருக்கும் பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி, துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கிணற்றில் கால் வைக்கிறார்.