உடல் பருமனும் இரத்தத் தட்டணுக்களும்: ஓர் அறிவியல் வரலாறு

இரத்தத் தட்டணுக்கள் இரத்தத்தில் மிதக்கும், உட்கரு இல்லாத மிகச் சிறிய அணுத் துணுக்குகள் ஆகும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். இவற்றின் எண்ணிக்கை மிகவும் குறைந்தால் ஆபத்து என்பதை டெங்கு காய்ச்சலின் வழியாகப் பலரும் அறிவர். எண்ணிக்கை சரியாக இருந்தும் இவை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் அதுவும் ஆபத்தே. உடல் பருமன் அத்தகைய நிலையை உண்டாக்கக்கூடும். இதை அறிய மருத்துவ உலகிற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கண்டுபிடிப்பு

1865இல் ஜெர்மனியின் மாக்ஸ் சுல்ட்சே இரத்தத்தில் காணப்படும் நுண்ணிய உருண்டைகளைப் பற்றி எழுதினார். ஆயினும் அவற்றின் பணியைத் தெளிவாகக் காட்டியவர் இத்தாலியின் டூரின் நகரில் பணியாற்றிய ஜூலியோ பிட்சோசெரோ. சிறு விலங்குகளின் இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் உற்றுநோக்கிய அவர், குழாய்ச் சுவர் சேதமடைந்த இடத்தில் இத்துணுக்குகள் ஒட்டிக்கொண்டு திரள்வதைக் கண்டு 1882இல் வெளியிட்டார். எலும்பு மச்சையிலுள்ள பெரிய அணுக்களிலிருந்தே இவை பிறக்கின்றன என்பதை 1906இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹோமர் ரைட் விளக்கினார்.

சமிக்ஞைகளின் மொழி

தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கான கட்டளை எங்கிருந்து வருகிறது? ஏடிபி என்னும் வேதிப்பொருள் அவற்றைத் திரளச் செய்கிறது என்பது 1960களின் தொடக்கத்தில் தெரியவந்தது. 1962இல் லண்டனில் குஸ்டாவ் போர்ன் இதை அளக்க எளிய முறை ஒன்றை வகுத்தார். தட்டணுக்கள் நிறைந்த இரத்த நீர்மம் கலங்கலாக இருக்கும். அவை திரண்டால் அது தெளிந்து, அதிக ஒளியை உள்ளே விடும். அந்த ஒளியின் அளவே திரளும் தன்மையின் அளவு.

1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் செயல்படும் முறையை விளக்கினார். 1975இல் சுவீடனில் சாமுவேல்சன் குழுவினர் தட்டணுக்களைத் தூண்டும் திராம்பாக்சேனைக் கண்டறிந்தனர். வேன், சாமுவேல்சன் இருவரும் 1982ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர்களுள் அடங்குவர்.

ஏடிபி, திராம்பாக்சேன் போன்றவை தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிப் புரதங்களில் பொருந்துகின்றன. அச்செய்தி உள்ளேயிருக்கும் பல புரதங்கள் வழியாகக் கைமாறிச் செல்கிறது. முடிவில் மேற்பரப்பிலுள்ள மற்றொரு புரதம் வடிவம் மாறி, ஃபைப்ரினோஜனைப் பற்றிக்கொள்கிறது. அண்டையிலுள்ள தட்டணுவும் அதையே பற்றும்போது இரண்டும் பிணைகின்றன.

கொழுப்பு பேசத் தொடங்கியது

1947இல் பிரான்சின் ஜான் வாக், உடலின் மேற்பகுதியில் கொழுப்பு சேர்வோருக்கே நீரிழிவும் இரத்தக் குழாய் நோயும் மிகுதி என்று சுட்டிக்காட்டினார். 1948இல் தொடங்கிய அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு, உடல் பருமன் தனித்து நின்றே இதய நோய்க்குக் காரணமாகக் கூடும் என 1983இல் தெரிவித்தது. காரணம் மட்டும் தெளிவாகவில்லை. கொழுப்புத் திசுவை வெறும் சேமிப்புக் கிடங்காகவே பெரும்பாலோர் கருதிவந்தனர்.

1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் புரதத்திற்கான மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்பு அணுக்கள் சுரக்கும் இப்புரதம், அத்திசுவும் செய்தி அனுப்புகிறது என்பதை உறுதிப்படுத்தியது. லெப்டின் தட்டணுக்கள் திரள்வதை ஊக்குவிக்கிறது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மேலும், நலமான உடலில் இன்சுலின் தட்டணுக்களுக்கு ஒரு தடுப்பாக விளங்குகிறது. பருமனால் இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காதபோது அத்தடுப்பு தளர்கிறது. கொழுப்புத் திசுவின் அழற்சியும் தூண்டுதலைக் கூட்டுகிறது. இதனால் இதயத்தின் அல்லது மூளையின் தமனியில் தேவையற்ற உறைகட்டி அடைக்கும் வாய்ப்பு உயர்கிறது.

மீளக்கூடிய மாற்றம்

2002இல் இத்தாலிய ஆய்வாளர்கள், பருமனான பெண்களின் சிறுநீரில் திராம்பாக்சேனின் சிதைபொருள் மிகுந்திருப்பதையும், எடை குறைந்தவர்களிடம் அது குறைந்ததையும் பதிவு செய்தனர். தட்டணுக்களின் ஆயுள் ஏழு முதல் பத்து நாட்களே என்பதை இங்கே நினைவுகூரலாம். பழையவை மறைய, புதியவை மாறிய உடற்சூழலில் பிறக்கின்றன.

2018இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 75 முதல் 100 மில்லிகிராம் வரையிலான குறைந்த அளவு ஆஸ்பிரின், 70 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளோரிடமே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைத் தடுத்ததாகக் கூறியது. ஆயினும் மருந்தின் அளவை நாமே கூட்டுவது இரத்தக் கசிவில் முடியலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு காலத்தில் இரத்தத்தின் தூசு போலத் தோன்றிய துணுக்கும், வெறும் கிடங்கு எனப்பட்ட கொழுப்பும் ஓயாமல் செய்தி பரிமாறிக்கொள்பவை என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.