முதல் மெக்லாரன் செம்மஞ்சள் இல்லை

மெக்லாரன் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வருவது செம்மஞ்சள் ஃபோர்முலா வன் கார்தான். அந்த நிறம் 1967இல்தான் வந்தது. புரூஸ் மெக்லாரன் முதன்முதலில் ஓட்டிய ரேஸ் கார் சின்னச் சிவப்பு ஒஸ்டின் 7 அல்ஸ்டர். எஞ்சின் வெறும் 747 சிசி.

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் புரூஸின் அப்பா சேர்விஸ் ஸ்டேசன் வைத்திருந்தார். அவர் வாங்கியது ஓடக்கூடிய காரே இல்லை, கழன்று கிடந்த பாகங்கள். அப்பாவும் மகனும் சேர்ந்து அதைக் கட்டி எழுப்பினார்கள். சிறுவயதில் இடுப்பு மூட்டு நோயால் ஏறக்குறைய இரண்டு வருசம் படுக்கையில் கிடந்த பிள்ளை புரூஸ்; இடது கால் கட்டை.

வீட்டில் கார் கட்டுபவர்களுக்குத் தெரியும், பெயின்ட் கடைசி வேலை எண்டு. பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் ஓடிப் பாக்காமல் அடிச்சால், திரும்பக் கழட்டேக்க எல்லாம் கீறுப்படும். தகரத்தின் நெளிவை எடுத்து, அரத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலைக்குத்தான் நாள்கணக்கில் போகும். அதில் அவசரப்பட்டால், பளபளப்பு நெளிவை மறைக்காது. இன்னும் எடுப்பாகக் காட்டும்.

1952இல் அந்தக் காருடன் புரூஸ் முதல் மலையேற்றப் போட்டியில் இறங்கினார். 1959இல் அமெரிக்க கிராண்ட் பிரீயை வென்றபோது வயது 22. 1963இல் சொந்த அணி தொடங்கினார். 1970இல், 32 வயதில், தன் அணியின் காரைச் சோதித்து ஓட்டும்போதே இறந்தார்.

இங்கிலாந்தின் வோக்கிங்கில் உள்ள மெக்லாரன் தலைமையகத்தில், கோடிக்கணக்கில் செலவழித்த கார்களுக்குப் பக்கத்திலேயே அந்தச் சிவப்பு ஒஸ்டினும் நிற்கிறது. வென்ற கார்களை எல்லாரும் காட்டுவினம். பழைய பாகங்களில் தொடங்கியதை மறைக்காமல் வைத்திருப்பதுதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.