சோன்கியும் ஒரு தபால் ஆபீசரும்

புனே, சதாரா பக்கம் குடிவந்த நம்ம மக்கள் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மலைச்சரிவெல்லாம் மஞ்சள். அதுதான் சோன்கி. சோனா என்றால் தங்கம். மழையில் முளைத்து, பூத்து, விதை போட்டுவிட்டுக் காய்ந்துபோகும் ஒருபருவச் செடி.

இதன் பின்னால் ஒரு ஆபீசர் இருக்கிறார். ஜான் கிரகாம், பம்பாயில் துணை போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். தபால் வேலைக்கு நடுவே பம்பாய் வட்டாரச் செடிகளுக்கெல்லாம் பட்டியல் போட்டார். (நம்மைப்போல் ஃபைல் பார்த்த ஆள் என்பதால் எனக்குத் தனிப் பாசம்!) 1839-ல் புத்தகம் முழுசாக வெளிவருமுன்பே, முப்பதுகளிலேயே, கண்டாலாவில் இறந்துபோனார். மீதியை முடித்துக் கொடுத்தவர் நிம்மோ.

பிறகு ஹூக்கர் இந்தச் செடிக்கு 'செனெசியோ கிரகாமி' என்று பெயர் வைத்தார். அதே பெயரில் இன்னொரு செடி ஏற்கனவே இருந்ததால் அது செல்லவில்லை. என்.பி.பாலகிருஷ்ணன் அதை 'செனெசியோ பாம்பேயென்சிஸ்' ஆக்கினார். விதி விதிதான், ஆனாலும் மனுஷன் பெயர் போச்சே...

அதைவிட உறுத்துவது வேறு. இந்த மாதிரிப் புல்வெளிகள் பல அரசாங்கக் கணக்கில் 'தரிசு'. தரிசு என்றால் மரம் நடலாம், பிளாட் போடலாம். வெயில் கேட்கும் சோன்கிக்கு இரண்டுமே ஆகாது. காஸ் பீடபூமிக்கு 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. மற்ற சரிவுகளுக்கு அது இல்லை.

மழை முடிவதற்குள் லோனாவாலா போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கண்டாலாவும் பக்கத்தில்தான்.