சங்கிலி சொல்லும் வரலாறு: மலைச் சைக்கிளின் கோளாறுகளும் காரணங்களும்



'காரணங்களை விளக்குக' என்று வினா வந்தால், பலர் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எது எதனால் நடந்தது என்று சொல்வதில்லை. அதைப் பழகுவதற்குப் பழுதான மலைச் சைக்கிள் நல்ல பாடம். அதில் வரும் ஒவ்வொரு கோளாறுக்குப் பின்னாலும் ஒரு காலக்கட்டம் இருக்கு. எப்படின்னு பாருங்க.

1. சங்கிலி வந்த காலம்

1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் மிதிவண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றியது. முன்சக்கரம் ஆளுயரம் இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. தேய்மானம் வந்து சேர்ந்தது.

சங்கிலி 'நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஊசிகள் தேய்வதால் கண்ணிகளின் இடைவெளி கூடுகிறது. புதுச் சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மில்லிமீட்டர். அது 306.3 ஆனால் 0.5 விழுக்காடு தேய்ந்துவிட்டது. மாற்றும் நேரம் வந்தாச்சு. அழுத்தி மிதிக்கும்போது மட்டும் 'கடக்'கென்று வழுக்கினால் முதலில் இதை அளந்து பாருங்கள்.

புதுச் சங்கிலி போட்ட மறுநாளே வழுக்குதா? சங்கிலியைத் திட்டாதீங்க. பழைய சங்கிலியோடு சேர்ந்து தேய்ந்த பல்சக்கரத்தைப் பாருங்க.

2. கியர் வந்த காலம்

பிரான்சில் பால் டி விவி பல கியர்களுக்காக வாதாடினார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்சோ, அவை நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கே உரியவை என்று கேலி செய்தார். பந்தயத்தில் டெரெய்லியர் என்னும் கியர் மாற்றிக்கு 1937இல்தான் இடம் கிடைத்தது.

கலிபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலைப்பகுதியில் 1976இல் ரீபேக் பந்தயம் தொடங்கியது. பழைய சைக்கிள்களில் செங்குத்தாக இறங்கும்போது பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோகும். மறுபடி அடைக்க வேண்டும். அந்தப் பெயரே ஒரு கோளாற்றிலிருந்து வந்ததுதான்! இறங்கிய மலையில் மீண்டும் ஏறுவதற்காகக் கியர் மாற்றியையும் பொருத்தினார்கள். சாலைக்குப் பிறந்த கருவி காட்டுக்கு வந்தது. வலப்பக்கம் விழுந்தால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைகிறது. விழுந்தபிறகு கியர் தாறுமாறாக விழுந்தால் திருகாணியைத் தொடுமுன் அதைச் சரிபாருங்கள்.

3. 'கிளிக்' வந்த காலம்

அதுவரை சவாரி செய்பவரின் விரலே கியரைத் தேடிப் பிடித்தது. சிறு பிழையை விரல் திருத்திவிடும். 1984இல் ஜப்பானின் ஷிமானோ, ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற முறையை வெளியிட்டது. அதே நிறுவனம் 1973இல் சிங்கப்பூரில் ஆலை தொடங்கியது என்பது நமக்கு அருகிலுள்ள செய்தி.

கிளிக் முறையில் திருத்த விரல் இல்லை. கேபிளின் இழுவிசை துல்லியமாக இருக்க வேண்டும். பெரிய பல்சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கலாம். சரிசெய்யும் திருகை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் கேபிள் உறைக்குள் அழுக்கு இருக்கலாம், அல்லது இழுவிசை கூடியிருக்கலாம்.

4. எப்போது வருகிறது என்று கேளுங்கள்

மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிட்ட பின்பும் சத்தம் கேட்டால், மிதிகட்டையை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். மிதியின் ஒவ்வொரு சுற்றிலும் வந்தால் மிதிகட்டைப் பக்கம் தேடுங்கள். ஏறக்குறைய மூன்றரைச் சுற்றுக்கு ஒருமுறை துள்ளினால்? 116 கண்ணிச் சங்கிலி, 32 பல் முன்சக்கரம், வகுத்துப் பாருங்கள். சங்கிலி முழுதாய் ஒருமுறை சுற்றிவரும் நேரம் அது. எங்கோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது.

மாணவர்களே, சத்தம் வரும் இடம் வேறு, பழுது இருக்கும் இடம் வேறு. வரலாற்றிலும் அப்படித்தான். உடனடிக் காரணம் கண்ணுக்குத் தெரியும். அடிப்படைக் காரணத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதலில் கண்ணில் பட்டதை எழுதுவது, சோதிக்காமல் உதிரிப்பாகம் வாங்குவது போல. காசும் போகும், கோளாறும் போகாது.

சிந்தனைக்கு:

அ. விழுந்த மறுநாள் ஒருவரின் கியர் கெட்டது. உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் இரண்டையும் பிரித்து எழுதுக.

ஆ. ஒரு சிக்கலைத் தீர்த்த கண்டுபிடிப்பு வேறொரு சிக்கலை உண்டாக்கியதற்குக் கட்டுரையிலிருந்து இரு சான்றுகள் தருக.