போர்த் திரைப்படங்களில் பிழைகள்: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படமும் பாஞ்சாலங்குறிச்சி வரலாறும்

போர்த் திரைப்படங்களில் காணப்படும் பிழைகளை இருவகையாகப் பிரிக்கலாம். ஒரு காட்சியில் இடக்கையில் இருந்த வாள் அடுத்த காட்சியில் வலக்கைக்கு மாறியிருப்பது தொடர்ச்சிப் பிழை. நடந்ததை நடக்காத விதமாகவோ, இல்லாததை இருந்ததாகவோ காட்டுவது தகவல் பிழை. முதல் வகையைக் கண்டுபிடிப்பதில் இளைஞர்களுக்குத் தனி ஆர்வம் உண்டு. 'கிளாடியேட்டர்' (2000) படத்தில் கவிழ்ந்த தேர் ஒன்றின் அடியில் எரிவாயு உருளை தெரிவதை உலகமே பார்த்துச் சிரித்தது. அதனால் ரோமாபுரியில் எரிவாயு இருந்தது என்று எவரும் நம்பிவிடவில்லை. இரண்டாம் வகை அப்படியல்ல. 1297இல் நடந்த ஸ்டர்லிங் பாலப் போரின் வெற்றிக்கே அந்தக் குறுகலான பாலம்தான் காரணம். 'பிரேவ்ஹார்ட்' (1995) படமோ பாலமே இல்லாமல் அந்தப் போரைத் திறந்த வெளியில் நடத்திக் காட்டியது. பார்த்தவர்களில் எத்தனை பேர் பாலத்தைத் தேடியிருப்பார்கள்?

தமிழ்நாட்டில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு, 1959 மே 16 அன்று வெளியான 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. பி. ஆர். பந்துலு இயக்கிய படம். வசனம் சக்தி கிருஷ்ணசாமி. சிவாஜி கணேசனுக்குக் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றுத் தந்தது. மதுரைப் பள்ளிகளில் வரலாறு நடத்திய காலமெல்லாம் நான் இந்தப் படத்தோடு போட்டி போட வேண்டியிருந்தது. பாளையக்காரர் பற்றிய வினாவுக்கு விடையாக மாணவர்கள் திரை வசனத்தை அப்படியே எழுதிவைப்பார்கள். முழு மதிப்பெண் போட முடியாது. முழுவதும் அடித்துவிடவும் மனம் வராது.

பாளைய முறையே மதுரையில் பிறந்தது. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தனர். பாஞ்சாலங்குறிச்சி அம்முறையில் அடங்கியது. வரி தண்டும் உரிமை நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பிறகுதான் சிக்கல் முற்றியது.

இராமநாதபுரம் சந்திப்பு

படத்தின் உச்சக் காட்சி, கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்திப்பது. ஜாக்சன் தமிழில் பேசுகிறார். கட்டபொம்மன் அடுக்குமொழியில் பதிலடி தருகிறார். கம்பெனி அதிகாரிகள் பாளையக்காரர்களிடம் துபாஷிகள் வழியாகப் பேசுவதே வழக்கம். ஆனால் திரைக்கு இது தேவையான வசதி. இதைப் பெரிய பிழையாக நான் கொள்வதில்லை. அந்தக் காட்சியால் நம் மனத்தில் படிந்த எண்ணம்தான் பெரிது: கட்டபொம்மன் கம்பெனிக்கு ஒரு காசும் கட்டவில்லை என்பது.

1798இல் அவர் பேரில் கம்பெனி காட்டிய நிலுவை 3,310 பகோடா. அவரை இராமநாதபுரத்திற்கு வரச்சொன்ன ஜாக்சன், இடையில் குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் அவர் காண முயன்றபோது பார்க்க மறுத்தார். ஒரு பாளையக்காரர் தம் ஆட்களோடு கலெக்டரின் பின்னாலேயே நாள்கணக்கில் ஊர் ஊராக அலைந்தார். செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கணக்கைப் பார்த்தபோது பெரும்பகுதி கட்டப்பட்டு 1,080 பகோடாதான் பாக்கி நின்றது. ஆனாலும் மூன்று மணி நேரம் அவரை நிற்கவைத்தார்கள். வெளியேறும்போது நடந்த மோதலில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார்; அமைச்சர் சிவசுப்பிரமணியப் பிள்ளை பிடிபட்டார்.

அடுத்து நடந்தது மாணவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. கட்டபொம்மன் சென்னை அரசிடம் முறையிட்டார். மூவர் குழு விசாரித்து, தவறு ஜாக்சன் மேல் என்று முடிவு செய்தது. ஜாக்சன் பதவி இழந்தார், லூஷிங்டன் கலெக்டரானார். வரியில் பெரும்பகுதியைக் கட்டிய பிறகும் அவமதிக்கப்பட்டவர், முறையிட்டு வென்றவர், அதன் பிறகும் பணியாதவர். இந்த மனிதர் திரையில் கர்ச்சிக்கும் வீரரைவிடச் சிக்கலானவர். எனக்கு இவரைத்தான் பிடிக்கும்.

மண்கோட்டை

படத்தில் நாம் பார்ப்பது பெரிய அரண்மனை, பெரிய கோட்டை. உண்மையான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் ஆனது. 1801 போரில் கலந்துகொண்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, அது ஏறத்தாழ 500 அடிக்கு 300 அடி அளவுடையது, சுவர் 12 அடி உயரம் என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். மதுரைக் கோட்டையோடு ஒப்பிட்டால் இது ஒரு மூலைக்குக் காணாது.

இந்த மண்சுவரைத்தான் 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேனின் படையால் முதல் தாக்குதலில் பிடிக்க முடியவில்லை. கட்டபொம்மன் இரவில் வெளியேறிய பிறகே கோட்டை அவர்கள் வசமானது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாள்களில் மறுபடி எழுப்பினார். மார்ச் 31இல் அதைத் தாக்கிய கம்பெனிப் படை பலத்த இழப்போடு திரும்பியது. கூடுதல் பீரங்கிகளும் படைகளும் வந்து, மே 24இல் கர்னல் அக்னியூ தலைமையில்தான் அதைப் பிடித்தார்கள். கல்கோட்டையில் குண்டு பட்டால் கல் பிளக்கும். நன்றாக மிதித்துக் கட்டிய மண்சுவர் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். திரைக்காகப் பெரிதாக்கப்பட்ட கோட்டை, அதைக் காத்தவர்களின் திறமையைச் சிறிதாக்கிவிட்டது.

'எட்டப்பன்' என்னும் பெயர்

எட்டயபுரம் பக்கத்திலிருந்து மதுரைக்குப் படிக்க வந்த ஒரு மாணவனை, ஊர்ப்பெயர் தெரிந்த நாள் முதல் வகுப்பே 'எட்டப்பா' என்று கூப்பிட்டது. அவன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் மரபுப் பட்டம். அவர்கள் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. பாஞ்சாலங்குறிச்சியோடு அவர்களுக்கு நீண்ட நாளாக எல்லைத் தகராறு இருந்தது. வேறு பல பாளையக்காரர்களும் கம்பெனிக்குத் துணை நின்றார்கள். கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டை விஜயரகுநாதத் தொண்டைமான். இருந்தும் பழி முழுவதும் ஒரே பட்டத்தின் மேல் ஏறி, அகராதிச் சொல்போல ஆகிவிட்டது. இதற்குப் படம் மட்டும் காரணமல்ல. கதைப்பாடல்களும் மேடை நாடகங்களும் அதற்கு முன்பே வழி போட்டிருந்தன. படம் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. பாரதி பிறந்த ஊரும் உமறுப்புலவரை ஆதரித்த ஊரும் அதே எட்டயபுரம் என்பதை அன்று வகுப்பில் சொன்னேன். கூப்பிடுவது குறைந்தது, நிற்கவில்லை.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவ்விடத்தில் நிலம் வாங்கி 1970இல் சிலை எழுப்பியவர் சிவாஜி கணேசனே. சிலையைப் பார்ப்பவர்களுக்கு அந்த நடிகரின் நினைவு வராமல் இராது. பாஞ்சாலங்குறிச்சியில் இன்று சுற்றுலா மாணவர்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை, 1974இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் அடித்தளம் அதனருகிலேயே தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆசிரியர்கள் கூட்டிக்கொண்டு போனால், மாணவர்கள் அதையும் ஒருமுறை நடந்து அளந்து பார்க்கலாம். பத்து நிமிடம் போதும்.